ஆயம்மாவின் டிரெஸ்ஸிங் ரூம்

ஊவா மாகாணத்திலேயே தாண்ட முடியாத கேட்டு எது என்று என்னைக் கேட்டால், தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களா இரும்புக் கேட்டைச் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பது நாய் மட்டும்தான், நாயைச் சமாளிக்கலாம். நான் சொல்வது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரக் கேட்டு. நீலப் பெயின்ட், நடுவில் ஒரு மஞ்சள் வாத்து. காலைத் தூக்கி வைத்தால் அந்தப் பக்கம். அப்படி யாரும் தூக்கி வைத்ததாக இன்றுவரை தகவல் இல்லை. வாத்துக்குப் பின்னால் ஆயம்மா நிற்பார்.

இந்த வம்பு எனக்குத் தொடங்கியது லுணுகலையில் இருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில். மழையால் நின்றுபோன ஒரு கிரிக்கெட் போட்டியைப் பற்றி எழுத எதுவுமில்லாமல், ஜன்னலோர சீட்டில் ஈரச் சப்பாத்தோடு உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். போனில் ஒரு வெளிநாட்டு விளையாட்டு நிருபர், தோற்றுப்போன ஓர் அணியின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆறடி உயர வீரர் ஒருவர் ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றதைக் கழற்றவேயில்லை. எத்தனை ஓட்டத்தில் தோற்றார்கள் என்பது எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்த ஒற்றைச் சப்பாத்து ஞாபகமிருக்கிறது. சட்டென்று பொறி தட்டியது. நான் இத்தனை காலமும் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று ஸ்கோர் போர்டைப் பார்த்து எழுதுகிறேன். அந்த போர்டுக்குப் பின்னால் மேயும் மாட்டுக்கும் அந்த அளவு விஷயம் தெரியும். உள்ளே போக வேண்டும்!

என் கட்டுரைகளை மனம் வந்தால் போடும் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்க ஆசிரியரிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். கொட்டாவியோடு கேட்டார்.

"ஸ்கோர் எல்லாம் போட்டி முடியுமுன்னயே போன்ல வந்துருது தம்பி. உள்ள போய் எழுதுனா எழுதுங்க. அந்த மேக்கணக்கு டீம் இந்தத் தடவை பைனலுக்கு வரும்னு சொல்றாங்களே, அவனுங்களோட பாஸ்ட் பௌலர் ஒருத்தன்கிட்டயும் வாயே தொறக்க மாட்டானாமே? அவனப் பிடிங்க. நல்லா வந்தா ஊவா நிருபர் வேலையப் பத்திப் பேசுவோம்."

ஊவா நிருபர்! மாதச் சம்பளம். எங்கள் பதுளைப் பாத்திரக் கடையில் இட்லிச் சட்டிக்கு விலை சொல்லும் வாழ்க்கையில் இருந்து நிரந்தர விடுதலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மேக்கணக்கு என்பது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசன். தேயிலைக்கு நடுவில் சமமாகக் கிடைத்த ஒரே ஒரு துண்டு நிலம்தான் மைதானம். அதன் ஓரத்தில் இருக்கும் ஒரே கட்டடம் புள்ளக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம். வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். எந்த மொழிக்காரரும் அப்படிச் சொல்வதில்லை. ஞாயிறன்று குழந்தைகள் இல்லாததால் அதை உடை மாற்றத் தரும்படி அணிக்காரர்கள் தொரையிடம் கேட்டிருக்கிறார்கள். அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டே, "சரி, ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு ஆயம்மாதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். தொரை அதை அன்றே மறந்துவிட்டார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா மறக்கவில்லை. அவருடைய உத்தியோகத்தில் 'பொறுப்பு' என்றால் என்னவென்று அவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் தெரியும்.

"யாரு?" என்றார், வாத்துக்குப் பின்னாலிருந்து. ஐம்பது வயதுக்கு மேல், குள்ளம், இடுப்பில் சொருகிய சேலை, காதுக்குப் பின்னால் ஒரு நகவெட்டி.

"பத்திரிகைல இருந்து வர்றேங்க. டீமப் பாக்கணும்."

"ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது."

அவர் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தாடியும் மீசையுமாக ஓர் அணி முழுவதும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

"அப்ப உள்ள இருக்கிறதெல்லாம் யாருங்க?"

திரும்பிப் பார்த்தார். ஒரு துளி சந்தேகமில்லாமல் சொன்னார்: "புள்ளைங்க."

"அதுல ஒருத்தருக்கு மொட்டை விழுந்திருக்குங்க."

"அவன் நான் தூக்கி வளத்த புள்ள. நீ யாரு தூக்கி வளத்த புள்ள?"

என் ஊடகவியல் டிப்ளோமாவில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. தந்திரத்தை மாற்றினேன்.

"சரிங்க, நான் வரல. அந்த பாஸ்ட் பௌலர் சுதாகர மட்டும் அஞ்சு நிமிஷம் வெளிய அனுப்புங்க."

"அவுங்கம்மா வந்துருக்காங்களா?"

"அவங்கம்மா எதுக்குங்க?"

"கொண்டாந்து விட்டவங்க கையிலதான் புள்ளயக் குடுப்பேன். நாளைக்கு ஒன்னுன்னா யாரு பதில் சொல்றது?"

"அவருக்கு இருபத்தாறு வயசுங்க!"

"இருக்கட்டுமே. இத்தன வருசத்துல ஒரு புள்ளய நான் ஆள் மாத்திக் குடுத்ததில்ல."

சுதாகரின் அம்மா எங்கே என்று விசாரித்தேன். மரக்கறி வாங்கப் பதுளைக்குப் போயிருக்கிறாராம். அதாவது, நான் பஸ் ஏறிய அதே இடத்துக்கு.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாவைக் கெஞ்சி அழைத்து வந்தேன். ஆயம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்து முப்பது வருடப் பழக்கமுள்ள பெண்ணிடம், "நீதான் கொண்டாந்து விட்டியா?" என்று முறைப்படி கேட்டு, சுதாகரைக் கையைப் பிடித்து ஒப்படைத்தார். வேகப்பந்து வீச்சாளரும் தாயாரும் நானும் ஒரு வாகை மரத்தடியில் உட்கார்ந்தோம். மாகாணத்தில் வேறு எந்த நிருபருக்கும் கிடைக்காத பேட்டி அது. ஏன் கிடைக்கவில்லை என்று சீக்கிரமே புரிந்தது.

"உங்க வேகத்துக்கு என்ன காரணம் சுதாகர்?"

சுதாகர் நிலத்தைப் பார்த்தார். அம்மா சொன்னார்: "சின்னதுலயே நிக்க மாட்டான் தம்பி. ஓடிக்கிட்டேதான் இருப்பான்."

"எந்த பேட்ஸ்மேனுக்குப் பந்து போட உங்களுக்குப் பிடிக்கும்?"

"அப்படி வித்தியாசமெல்லாம் பாக்க மாட்டான். எல்லாருக்கும் போடுவான்."

"எதிர்காலத் திட்டம்?"

"பொண்ணு பாக்குறோம்."

சுதாகர் வாயைத் திறந்தது ஒரே தடவை. "போலாமா?" என்றார். அதுவும் அம்மாவிடம்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான், இதற்கு ஒரே வழிதான் என்பது உறைத்தது. ஆயம்மாவின் சட்டப்படி உள்ளே இருப்பவர்கள் புள்ளைகள். புள்ளை என்பவன் தாயால் கொண்டுவந்து விடப்படுபவன். ஆகவே நான் என் தாயைக் கூட்டி வர வேண்டும்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அம்மா, கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து. "கழுத வயசாகுது, உன்னக் கொண்டுபோய் புள்ளக் காம்பராவுல விடவா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"வேலை விஷயம்மா."

"எந்த வேலைக்குடா அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க?"

ஆனாலும் வந்தாள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச் சேலை; ஆயம்மாவுக்கு ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி; கடையில் இருந்து ஒரு புது எவர்சில்வர் தூக்குவாளி. கேட்டின் இரு பக்கமும் நின்று இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்ட விதத்தைப் பார்த்தபோதே நான் பஸ் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாப்பாடு எப்படிங்க?" என்று தொடங்கினார் ஆயம்மா.

"முருங்கக்கீர தொட மாட்டான்."

"நான் குடுத்தா தொடுவான். தூக்கம்?"

"எந்திரிக்கவே மாட்டான்."

"பயம் கியம் எதும்?"

"அம்மா..." என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அட்டைன்னா பயங்க," என்றாள் என்னைப் பெற்றவள், தெளிவான குரலில். "ஒரு தடவ கால்ல அட்டை ஏறிருச்சுன்னு பஸ்ஸ நிறுத்தச் சொல்லி அழுதான்."

"கொழந்தைங்க அப்பிடித்தான். அப்ப என்ன வயசு?"

"யுனிவர்சிட்டிக்குப் போக ஏ லெவல் எழுதிட்டு இருந்தான்."

உள்ளே ஒரு முழு அணி சத்தமில்லாமல் குலுங்கியது. அட்டையைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். அன்றிலிருந்து மேக்கணக்கில் எனக்குப் பெயர் அட்டைத் தம்பி.

அப்படித்தான் நான் உள்ளே போனேன்.

கையைக் கழுவ வைத்தார். காலைக் கழுவ வைத்தார். நகத்தைப் பார்த்து, சொன்னால் நம்புங்கள், இரண்டை அவரே வெட்டிவிட்டார். என் போனை வாங்கிப் பால் போத்தல்கள் இருக்கும் தட்டில் வைத்தார். "அதுல வெளிச்சம் அடிக்கும். புள்ளைங்க கண்ணுக்கு ஆகாது." நான் உட்கார்ந்த சிவப்பு நாற்காலி மூன்று வயதுக்காரர்களுக்குச் செய்தது. எழும்பியபோது அதுவும் கூடவே எழும்பியது. சுவர் முழுக்க முயல்களும் அன்னாசிப் பழங்களும். அதற்குக் கீழே, மாகாணத்தின் மிகப் பயங்கரமான கிரிக்கெட் அணி வரிசையாக உட்கார்ந்து இலைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. போட்டித் திட்டத்தைக் கேப்டன் மோகன் ரகசியக் குரலில்தான் விளக்குவார். சத்தம் போட்டால் ஆயம்மா மூலையில் நிற்க வைப்பார்.

ஆயம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரியாது என்றால், துளிகூடத் தெரியாது. ஆட்டமிழந்து வரும் ஒவ்வொருவரையும் வாசலிலேயே பிடித்து, "யாருடா உன்ன அனுப்புனது?" என்று விசாரிப்பார். "அம்பயர், ஆயம்மா" என்றால் ஜன்னல் வழியாக அம்பயரை ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை நடு ஆட்டத்தில் மைதானத்துக்கே போய், "புள்ளைங்களப் பாத்து வெரல நீட்டாதீங்க, சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டு வந்ததாகவும், அதற்குப் பிறகு அந்த அம்பயர் மேக்கணக்குப் பக்கமே வருவதில்லை என்றும் மோகன் சொன்னார்.

போட்டிக்கு முன் எல்லாரும் பாயில் படுக்க வேண்டும். இது கட்டாயம். படுத்தேன். ஒரு பக்கம் விக்கெட் காப்பாளரின் முழங்கை, மறுபக்கம், இதற்குத்தானா டிப்ளோமா படித்தேன் என்ற நினைப்பு. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

மூலையில், தொட்டில் கட்டும் வளையத்துக்குக் கீழே, சுதாகர் சுருண்டு படுத்திருந்தார். ஸ்டம்பை இரண்டாக உடைக்கிற சுதாகர். மொனராகலைப் பக்கத்து பேட்ஸ்மேன்கள் வயிற்றுவலி என்று சொல்லி வராமல் நின்றுவிடுகிற சுதாகர். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து, உதடு காய்ந்து. பக்கத்தில் ஆயம்மா உட்கார்ந்து, வேறு எங்கோ பார்த்தபடி, கைக்குழந்தைக்குத் தட்டுவதுபோல் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். மெதுவாக. நடுக்கம் நிற்கும்வரை. பிறகு சுதாகர் எழுந்தார், முகத்தைக் கழுவினார், வெளியே போய் முதல் பந்திலேயே நடு ஸ்டம்பைக் காற்றில் பறக்கவிட்டார்.

அவர் ஏன் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊர் சொல்வதுபோலத் தலைக்கனம் எல்லாம் இல்லை. ஆட்ட நாளில் பயத்தில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இதுதான் கதை! இதுதான் ஊவா நிருபர் வேலை! மனதுக்குள் தலைப்பு ஓடிவிட்டது. மோகன் என் முகத்தைப் பார்த்தே தலைப்பைப் படித்துவிட்டார் போல.

"எழுதப் போறியா?"

"இல்ல... அது வந்து..."

"எழுதுனா எழுது. பஸ்ஸ நிறுத்துன கதைய நாங்க பதுளை டவுன் பூரா சொல்லிக்கிறோம்."

உள்ளே போவது பற்றி அந்த வெளிநாட்டு நிருபர் சொல்லாத விஷயம் இது. நான் அவர்கள் அறைக்குள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பே அவர்கள், கேட்டில் நின்ற என் அம்மாவின் வாய் வழியாக என் வீட்டுக்குள் போய், எல்லாவற்றையும் கிளறிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

ஆசிரியர் போன் எடுத்தார். "உள்ள போனீங்களா இல்லையா?"

"போனேன் சார். பெரிய விஷயம் ஒன்னு கையில இருக்கு."

"அப்ப எழுதுங்க."

"இது வேணாம் சார். டீம் பைனலுக்குப் போயிருச்சு, அது பதுளைல. டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள இருந்தே முழு நாளையும் எழுதுறேன். ஜெயிச்சாலும் தோத்தாலும்."

"அதையாவது செய்ங்க. அதுதான் கடைசிச் சான்ஸ்."

பைனலுக்குப் பதுளையில் பெரிய மைதானம். அங்கே எல்லாம் முறைப்படி. கம்பி வேலி, காவலாளி, வீரர்களுக்குப் பச்சைப் பாஸ், ஊடகத்துக்கு மஞ்சள் பாஸ். ஒரு பத்திரிகைக்கு ஒரே ஒரு பாஸ்தான். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். யாரும் நகம் பார்க்கவில்லை. அம்மா வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பெரிய மனிதன். டிரெஸ்ஸிங் ரூமில் பெரியவர்கள் உட்காரும் நாற்காலிகள். அணிக்காரர்கள் பழக்கதோஷத்தில் முழங்காலை நெஞ்சு வரை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மோகன் என்னிடம் ஓடி வந்தார். "ஆயம்மாவ வாசல்ல நிறுத்திட்டாங்கடா. பாஸ் இல்லையாம். சுதாகரு பாத்ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டான். தொறக்க மாட்டேங்கிறான்."

வாசலுக்கு ஓடினேன். ஆயம்மா ஒரு கையில் சுருட்டிய பாய், மறு கையில் அம்மா கொடுத்த தூக்குவாளி நிறையக் கஞ்சியோடு நின்றார். காவலாளி ஒரு சிங்களத் தம்பி, என் வயதுதான் இருக்கும்.

"பாஸ் இல்லாம பே, ஏலாது அம்மா. என்ன செய்றது?"

"அப்ப உள்ள இருக்குறவங்களுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தான்."

ஆயம்மா அவனை நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "நல்ல பையன். இப்பிடித்தான் இருக்கணும். ஒருத்தனையும் விடக்கூடாது."

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஆயம்மா! சுதாகர் உள்ள பூட்டிக்கிட்டு இருக்காரு! அவன் அந்தப் பக்கம் திரும்புறப்ப சும்மா நுழைஞ்சு போங்க!"

"அப்பிடி நுழையக் கூடாது தம்பி. இன்னைக்கு நான் நுழைஞ்சா நாளைக்கு என் கேட்டுக்குள்ளயும் நுழைவாங்க."

சொல்லிவிட்டு வேலியோரமாகப் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். வாதாடவில்லை, கெஞ்சவில்லை. மைதானத்தில் டாஸுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். எப்படிப்பட்ட மனுஷி இது என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனபோதுதான் அவருடைய கையைப் பார்த்தேன். முகம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. கை மட்டும், யாருமே படுக்காத அந்தப் பாயை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிக்கொள்ளுங்கள். கழுத்தில் இருந்த மஞ்சள் பாஸைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டேன்.

"இவங்க மீடியாவா?" என்றான் காவலாளி.

"சீனியர் ரிப்போர்ட்டர்."

அவன் தூக்குவாளியைப் பார்த்தான். பாயைப் பார்த்தான். ஆயம்மா எழுந்து, "கை கழுவிட்டியா? கழுவிட்டு வந்து நீயும் ஒரு வாய் குடி" என்றார். பாஸ் பாஸ்தான். விட்டுவிட்டான். ஊவா வரலாற்றில் முதல்முறையாக ஒரு தோட்டத்து அணியின் இறுதிப்போட்டி டிரெஸ்ஸிங் ரூமுக்குள், கழுத்தில் 'ஊடகம்' என்று தொங்க, ஆயம்மா நடந்து போனார். ஊடகம் வேலிக்கு வெளியே நின்றது.

வடை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் ஏறி நின்று பார்த்தேன். ஆசிரியரிடம் இருந்து செய்தி வந்தது: "உள்ளே எப்படி?" வடையைக் கடித்துக்கொண்டே "சூடாக இருக்கிறது சார்" என்று பதில் போட்டேன். பொய் இல்லை.

சுதாகர் மைதானத்துக்கு வந்தார். எப்போதும்போல் வந்தார். அவர் ஓடி வந்ததைப் பார்த்து என் பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த வடையைக் கீழே விட்டார். விக்கெட்டுகள் விழுந்தன. ஆனால் கிரிக்கெட்டில் பந்து மட்டும் போட்டால் போதாதே. மேக்கணக்குத் துடுப்பாட்டக்காரர்கள், பெரிய மைதானத்தையும் பெரிய கூட்டத்தையும் பார்த்தோ என்னவோ, ஒருவர் பின் ஒருவராக நடந்து திரும்பினார்கள். கடைசி ஓவரில் தோற்றோம். 'தோற்றோம்' என்றா எழுதினேன்? நடுநிலை நிருபர் 'தோற்றார்கள்' என்று எழுத வேண்டும். இருக்கட்டும்.

டிரெஸ்ஸிங் ரூம் கதவு மூடிக்கொண்டது. நான் பஸ்ஸில் பார்த்த அந்த ஒற்றைச் சப்பாத்து நேரம் அதுதான். தோற்ற அணி, மூடிய கதவு. உலகத்தில் எந்த நிருபரும் எதை வேண்டுமானாலும் கொடுத்து உள்ளே இருக்க விரும்பும் நேரம். உள்ளே யார் இருக்கிறார்? தலையில் எண்ணெய் தடவிய, கிரிக்கெட் தெரியாத, என் பாஸைப் போட்ட ஒரு மனுஷி.

வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். பாய்ந்து போனேன்.

"ஆயம்மா, உள்ள என்ன நடந்துச்சு?"

"ஏன்?"

"எழுதணும் ஆயம்மா! ஒரு மணி நேரத்துல அனுப்பணும்!"

"உள்ள நடந்தத அந்தந்தத் தாய்கிட்டத்தான் சொல்லுவேன். மத்தவங்ககிட்ட சொல்ற பழக்கம் இல்ல."

நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். உண்மையாகவே. "என் வேலையே போகுது ஆயம்மா. என் பாஸ்ல தான நீங்க உள்ள போனீங்க? பேருக்காவது நீங்க நிருபர் இல்லையா?"

கழுத்தில் தொங்கியதை எடுத்துப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு பொறுப்பை ஒப்புக்கொண்டால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க. காயம் இல்ல. மோகன் அழுதான், ஆனா சத்தம் போடல. ஒருத்தனும் கஞ்சி குடிக்க மாட்டேன்னுட்டான். நான் கெஞ்சுனேன், கேக்கல. பொறவு சுதாகர் எந்திரிச்சு என் கையில இருந்து கரண்டிய வாங்குனான். அவனே ஒவ்வொருத்தனுக்கா ஊத்திக் குடுத்தான். குடிடா, குடிடான்னு பேசிக்கிட்டே குடுத்தான். எல்லாம் குடிச்சிட்டானுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "அவன் அவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல."

அங்கேயே, அந்தக் கல்மேல் உட்கார்ந்து, போனில் எழுதினேன். ஓட்டு வீட்டில் மழை விழுவதுபோல் விரல் ஓடியது. அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது பஸ் போயிருந்தது.

ஆசிரியர் மறுநாள் பேசினார். "கஞ்சிய யாரு ஊத்துனதுன்னு எழுதிருக்கீங்க. யார் யார் குடிச்சாங்கன்னு எழுதிருக்கீங்க. எத்தன ஓட்டத்துல தோத்தாங்கன்னு எழுதவே இல்லையேப்பா!"

"மறந்துட்டேன் சார்."

நீண்ட பெருமூச்சு. "பரவால்ல, அத நாங்க போன்ல பாத்துப் போட்டுக்கிட்டோம்." போட்டுவிட்டார். முதல் பக்கத்து மூலையில். வேலை பற்றிக் கேட்டேன். "இன்னும் ஒரு சீசன் பாக்கலாம்" என்றார். பார்த்தீர்களா? இன்னும் ஒரு சீசன் இட்லிச் சட்டி.

முதுகில் தட்டிய விஷயத்தை நான் அன்று எழுதவில்லை. இன்று இந்தப் புத்தகத்தில் எழுதுகிறேன் என்றால் சுதாகரே சரி என்று சொன்னதால்தான். அது போதாது என்று ஆயம்மா சொன்னதால் அவருடைய அம்மாவிடமும் போய்க் கேட்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே கவலைதான்: "பொண்ணு வீட்டுக்காரங்க இந்தப் புத்தகம் வாங்குவாங்களா தம்பி?" வாங்கினால் நல்லதுதான், அம்மா. பயந்தாலும் போய் நிற்கிற மாப்பிள்ளை எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

அடுத்த மாதம் மொனராகலையில் மேக்கணக்குக்குப் புது சீசனின் முதல் ஆட்டம். அங்கே இன்னும் கறாராம். ஊடகப் பாஸில் புகைப்படம் வேண்டுமாம். இந்த முறை எங்கள் பத்திரிகை பெயரில் இரண்டு பாஸ் கேட்டிருக்கிறேன். கொடுப்பார்களா தெரியாது. ஆசிரியருக்கு இன்னும் சொல்லவில்லை. படம் எடுக்க ஆயம்மாவைப் பதுளைக்கு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். கமராவுக்கு முன்னால் தனியாக உட்கார மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஸ்டூடியோக்காரர் சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன், பின்னால் நின்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் நானும் பக்கத்தில் நிற்க, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்தார். படத்தின் ஓரத்தில் என் சட்டைத் தோள் கொஞ்சம் விழுந்திருக்கிறது. வெட்டிவிடவா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன்.